பெயரில் மட்டும் ஒரு காடு

கங்கோத்ரி கோயிலிலிருந்து கோமுகம் 18 கிலோமீட்டர். வழியில் பெயர் சொல்லும்படியாக இருக்கும் தங்குமிடங்கள் இரண்டே இரண்டு. ஒன்பதாவது கிலோமீட்டரில் சீர்பாசா, பதினான்காவதில் போஜ்பாசா. முதல் பெயருக்கு பைன் மரங்களின் வாசஸ்தலம் என்று பொருள். இரண்டாவதற்கு பூர்ஜ மரங்களின் வாசஸ்தலம். ஆங்கிலத்தில் பிர்ச் என்று சொல்லப்படும் மரம்தான் பூர்ஜம்; வடக்கே போஜ். வழிகாட்டிப் புத்தகம் எழுதுகிறவர்கள் இந்தப் பெயர்களை விளக்கிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். நடந்து போகிறவர்களுக்குத்தான் குழப்பம். சீர்பாசாவில் பைன் மரங்கள் இருக்கின்றன. போஜ்பாசாவில் மூட்டையை இறக்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்தால் கல், மணல், காற்று, சில கூரைகள். பூர்ஜ மரம் எங்கே?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள 14 கிலோமீட்டர் நடந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் நடந்தால் நன்றாகப் புரியும்.

தமிழ்நாட்டிலிருந்து 'சார் தாம்' யாத்திரைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கங்கோத்ரியோடு திரும்பிவிடுகிறார்கள். ரிஷிகேஷிலிருந்து பஸ்ஸில் ஏறி, உத்தரகாசியில் இரவு தங்கி, மறுநாள் இன்னும் 100 கிலோமீட்டர் மலைப்பாதையில் குலுங்கி வந்து சேர்ந்தவர்களுக்கு, கோயில் வாசலில் பாகீரதி ஓடுவதே போதும். குளிர்ந்த நீரில் ஒரு முழுக்கு, ராமேஸ்வரத்து அபிஷேகத்துக்கென்று ஒரு செம்பில் தண்ணீர், மங்கி கேப்பை இழுத்து விட்டுக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பல். கங்கை உண்மையில் தொடங்கும் இடம் இன்னும் ஒரு நாள் நடை தள்ளி இருக்கிறது என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. அப்படியே தெரிந்தாலும் உடனே கிளம்பிவிட முடியாது. இந்தப் பாதைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 2008 முதல் ஒரு நாளைக்கு 150 பேருக்கு மேல் அனுமதி இல்லை.

கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் கன்கு என்ற இடத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடி. சீட்டைச் சரிபார்த்து, பையில் உள்ள பிளாஸ்டிக் சமாச்சாரங்களைக் கணக்கெடுத்த பிறகுதான் வழி விடுவார்கள். அதற்கு அப்பால் கங்கோத்ரி தேசியப் பூங்கா. 1989ல் அறிவிக்கப்பட்ட இது 2,390 சதுர கிலோமீட்டர். அதில் பெரும் பகுதி பாறையும் பனியும்தான். பனிச் சிறுத்தை இருக்கிறது. கண்ணில் படும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. பரல் என்ற நீலநிறக் காட்டு ஆடுகள் தாராளமாகப் படும்.

வழி தவறுவதற்கு வாய்ப்பே இல்லாத பாதை இது. மலைச்சரிவில் வெட்டிய ஒற்றையடித் தடம், வலது பக்கம் கீழே பாகீரதி, இடது பக்கம் செங்குத்தான பாறை. ஓடைகளின் குறுக்கே மரப்பாலங்கள், ஆங்காங்கே தூரம் சொல்லும் பலகைகள். கங்கோத்ரி சுமார் 3,100 மீட்டர் உயரம். கோமுகம் 4,000 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 18 கிலோமீட்டரில் ஏறுவது 800 மீட்டர்தான். பழனி படி ஏறிப் பழகியவர்களுக்கு இது ஏற்றமே இல்லை என்று தோன்றும். சிரமம் காலுக்கல்ல, நெஞ்சுக்கு. கோமுகத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. முதல் நாள் பஸ்ஸில் வந்து இறங்கி மறுநாள் காலையிலேயே நடக்கத் தொடங்குகிறவர்கள் தலைவலி, குமட்டல் என்று பாதியில் திரும்புவது வழக்கம். கங்கோத்ரியில் கூடுதலாக ஒரு நாள் தங்கினால் இதில் பாதி தொல்லை இல்லை. அந்த ஒரு நாளைத்தான் டூர் கம்பெனிகளின் திட்டத்தில் காண முடிவதில்லை.

முதல் சில கிலோமீட்டர்களுக்கு தேவதாருவும் பைனும் துணைக்கு வருகின்றன. பிறகு சரிவு வறண்டு, மரங்கள் விலகி, வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. பாதை வெட்டப்பட்டிருப்பது தெற்கு நோக்கிய சரிவில் என்பதால் பனி சீக்கிரம் உருகிவிடும். மண்ணில் ஈரம் நிற்காது. நடக்கிறவர்களுக்கு அது நல்லது. மரங்களுக்கு அல்ல.

இரண்டு மூன்று மணி நேரத்தில் சீர்பாசா. சுமார் 3,600 மீட்டர் உயரத்தில், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு பைன் தோப்பு. பாகீரதி சிகரங்கள் பள்ளத்தாக்கின் கோடியில் முழுதாகத் தெரிய ஆரம்பித்திருக்கும். பெரும்பாலோர் இங்கே உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த பரோட்டாவைப் பிரிக்கிறார்கள். இந்தத் தோப்பைப் பற்றி ஒரு சின்ன விஷயம். பெயர் சீர்பாசா என்றாலும் இங்கே இருப்பவை சீர் பைன் மரங்கள் அல்ல. சீர் என்பது மலையடிவாரத்து மரம். டேராடூனிலிருந்து மேலே ஏறும்போது சாலை ஓரங்களில் காணப்படுவது. 2,300 மீட்டருக்கு மேல் அதைப் பார்ப்பது அரிது. சீர்பாசாவில் நிற்பது நீலப் பைன், கட்வாலில் கைல் என்பார்கள். சந்தேகம் இருந்தால் கீழே விழுந்து கிடக்கும் ஊசியிலைக் கொத்து ஒன்றை எடுத்து எண்ணலாம். சீர் மரத்தில் ஒரு கொத்துக்கு மூன்று ஊசிகள், கைலில் ஐந்து. பெயர் வைத்தவர்கள் எண்ணிப் பார்த்து வைக்கவில்லை. ஊசி இருந்தால் சீர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் சவுக்கையும் பைனையும் ஒன்றாக்குவது போல.

ஆனால் போஜ்பாசாவுக்குப் பெயர் வைத்தவர்கள் தவறு செய்யவில்லை. பூர்ஜ மரத்தை வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. இமயமலையில் மரம் என்று சொல்லத்தக்க ஒன்று வளரக்கூடிய கடைசி உயரத்தில் வளர்வது அது. அதற்கு மேல் புதர், பிறகு புல், பிறகு பாறை. வெள்ளையும் செம்பழுப்பும் கலந்த பட்டை, குறுக்கு வாக்கில் சின்னச் சின்னக் கோடுகள், விரல் நுனியால் தொட்டாலே தாள் தாளாக உரிந்து வரும் மென்மை. பட்டையில் உள்ள பெட்டுலின் என்ற பொருள் அதற்கு வெள்ளை நிறத்தைக் கொடுக்கிறது. எளிதில் மக்காமலும் காக்கிறது. 1825ல் இந்த மரத்துக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டிய டேவிட் டான் அதை பெட்டுலா யூடிலிஸ் என்றார். யூடிலிஸ் என்றால் லத்தீனில் 'பயனுள்ளது'. அந்த அடைமொழியே அதற்கு வினையாக முடிந்தது என்று சொல்லலாம்.

பயன் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. தெற்கே பனையோலை எதுவோ அது வடமேற்கு இந்தியாவுக்குப் பூர்ஜப் பட்டை. 11ம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் குறித்து வைத்திருக்கிறார்: தெற்கில் பனையோலை, வடக்கிலும் மத்தியப் பகுதியிலும் பூர்ஜம். காளிதாசனின் குமாரசம்பவத்தில் வித்யாதரப் பெண்கள் காதல் கடிதம் எழுதுவது இதில்தான். விக்ரமோர்வசீயத்தில் ஊர்வசி எழுதுவதும் இதில்தான். இலக்கியத்தை விட்டுவிடலாம். 1881ல் பெஷாவர் அருகே பக்ஷாலி கிராமத்தில் ஒரு விவசாயியின் மண்வெட்டியில் அகப்பட்டது பழைய கணித நூல் ஒன்றின் சுவடிக் கட்டு. பூஜ்யத்துக்குப் புள்ளி இட்டு எழுதிய அந்தச் சுவடி பூர்ஜப் பட்டையில் ஆனது. இன்று ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. 1931ல் கில்கிட்டில் கிடைத்த பௌத்த நூல்களில் பெரும்பாலானவையும் பூர்ஜப் பட்டையில் எழுதப்பட்டவை. காஷ்மீரில் 15ம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காகிதத் தொழிலைக் கொண்டு வந்த பிறகுதான் பூர்ஜத்துக்கு மெல்ல மெல்ல ஓய்வு கிடைத்தது.

எழுத்திலிருந்து ஓய்வு. மற்ற வேலைகளிலிருந்து அல்ல. மலைக் கிராமங்களில் வீட்டுக் கூரைக்கு மண் போடுமுன் பூர்ஜப் பட்டையை விரிப்பார்கள்; மழை உள்ளே இறங்காது. வெண்ணெயைப் பொதிந்து வைக்க அதுதான். மந்திரம் எழுதித் தாயத்தில் அடைக்க அதுதான். ஹரித்வார் கடைகளில் இன்றும் 'அசல் போஜ்பத்ரம்' என்று சின்னச் சின்னத் துண்டுகளாக விற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மரக்கோட்டின் விளிம்பில் வாழ்கிறவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் விறகும் அதுதான்.

போஜ்பாசாவின் காடு காணாமல் போனதில் பெரிய வில்லன் யாரும் இல்லை. இதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம். கீழே ஹர்சிலில் கதை வேறு. 19ம் நூற்றாண்டில் பிரடெரிக் வில்சன் என்ற ஆங்கிலேயர் தெஹ்ரி அரசரிடம் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, தேவதாருக்களை வெட்டி பாகீரதியில் மிதக்கவிட்டு ஹரித்வாரில் பிடித்துப் பெரும் பணம் பண்ணினார். ரயில் பாதைகளுக்குக் கட்டைகள் தேவைப்பட்ட காலம். தன் பெயரிலேயே காசு அடித்து ஊருக்குள் புழங்கவிட்டார் என்பார்கள். (ஹர்சிலுக்கு ஆப்பிளைக் கொண்டு வந்தவரும் அவர்தான் என்பதால் ஊர்க்காரர்கள் இன்னும் அவரை முழுதாகத் திட்டுவதில்லை.) காண்டிராக்டர் கோடரியோடு வந்தால் எதிர்க்க முடியும். 1973ல் சமோலி மாவட்டத்தில் மரங்களைக் கட்டிப்பிடித்துத் தொடங்கிய சிப்கோ இயக்கம் அதைத்தான் செய்தது. 1980ல் ஆயிரம் மீட்டருக்கு மேல் வியாபாரத்துக்காகப் பச்சை மரம் வெட்ட 15 ஆண்டுத் தடையும் வந்தது. ஆனால் போஜ்பாசா பூர்ஜங்களை எந்தக் காண்டிராக்டரும் ஏலம் எடுக்கவில்லை. அவை டீ போட்டே தீர்ந்துபோயின.

ஒரு காலத்தில் கங்கோத்ரிக்கே ஆட்கள் வாரக் கணக்கில் நடந்து வர வேண்டியிருந்தது. அங்கிருந்து கோமுகம் வரை போனவர்கள் சாதுக்களும் ஒரு சில பிடிவாதக்காரர்களும்தான். பைரோங்காட்டியில் ஜாட் கங்கையின் ஆழமான பள்ளத்தின் மேல் பாலம் கட்டி, பஸ் கோயில் வாசல் வரை வந்த பிறகு நிலைமை தலைகீழானது. ஒரு சீசனில் வருகிறவர்களின் எண்ணிக்கை ஆயிரங்களாயிற்று. வருகிறவர்களுக்கு டீ வேண்டும், ரொட்டி வேண்டும், இரவில் குளிர்காய நெருப்பு வேண்டும். வழியெங்கும் டீக்கடைகள் முளைத்தன. கேஸ் சிலிண்டரைக் கழுதை மேல் ஏற்றி 14 கிலோமீட்டர் கொண்டு போவதைவிடக் கடைக்குப் பின்னால் நிற்கும் மரத்தை வெட்டுவது மலிவு. ஒரு மரம் ஒரு கடைக்குச் சில நாட்கள் வரும். யாத்ரிகர்கள் தங்கள் பங்குக்கு ஆளுக்கு ஒரு தாள் பட்டையை உரித்து நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டார்கள். உலர்ந்த மேல் தாள் தானாக உதிர்வது. அதை எடுத்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. பச்சைப் பட்டை வரை கத்தியைப் போட்டு வட்டமாக உரித்தால் மரம் நின்றபடியே சாகும். போதாக்குறைக்கு மூட்டை சுமக்கும் கழுதைகளும் மேய்ச்சலுக்கு வந்த ஆடுகளும் முளைத்து வரும் கன்றுகளைக் கடித்துத் தீர்த்தன. பழைய மரம் அடுப்பில், புதிய மரம் வாயில்.

சிராவண மாதம் இதன் உச்சம். கான்வர் என்பதை அப்படியே காவடி என்று தமிழில் சொல்லிவிடலாம். தோளில் கழி, இரு முனையிலும் தொங்கும் கங்கை நீர், கால்நடையாகச் சொந்த ஊர் சிவன் கோயிலுக்கு. பெரும் கூட்டம் ஹரித்வாரில் நீர் எடுத்துத் திரும்பிவிடும். ஒரு பகுதி கங்கோத்ரி வரை வரும். கோமுகத்திலேயே எடுத்தால்தான் விசேஷம் என்று மேலே ஏறுகிறவர்களும் உண்டு. பாதைக்கு வரம்பு வைத்தபோது கடும் எதிர்ப்பு வந்ததற்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. கங்கை பிறக்கும் இடத்துக்குப் போக ஒருவனுக்கு அரசாங்கம் சீட்டுக் கொடுப்பதா என்ற கேள்வியை ஒரு பக்தன் கேட்டால் சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது. கூடவே வயிற்றுப் பாட்டுக் கேள்வியும் இருந்தது. கோயில் அட்சய திருதியையில் திறந்து தீபாவளியை ஒட்டி மூடுகிறது. தேவி முக்பா கிராமத்துக்கு இறங்கிவிடுகிறாள். போர்ட்டர்கள், கழுதைக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஆண்டு வருமானம் அந்த ஆறு மாதத்தில்தான். ஆயிரம் பேர் நடந்த பாதையில் 150 பேர் என்றால் நஷ்டம் யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் வரம்பு நின்றது. பாதையோர டீக்கடைகள் அகற்றப்பட்டன. இன்று கங்கோத்ரியை விட்டால் சாப்பாடு கிடைப்பது போஜ்பாசாவில் உள்ள ஆசிரமத்திலும் கட்வால் மண்டல் விகாஸ் நிகாமின் விடுதியிலும்தான். நடக்கிறவர்களுக்கு இது அசௌகரியம். பாதைக்கு இது தேவைப்பட்டது. வாதம் எதுவாக இருந்தாலும், சீர்பாசா தோப்பில் இன்று அடுப்புக் கரி படிந்த கற்களுக்குப் பதில் பைன் கன்றுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் கையில் டீ இல்லாமல் நடக்கச் சம்மதித்துத்தான் ஆக வேண்டும்.

வரம்பு விதிப்பதற்கு வெகு முன்பே ஒருவர் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். ஹர்ஷ்வந்தி பிஷ்ட் பொருளாதாரப் பேராசிரியை; மலையேறுபவர். 1981ல் நந்தாதேவி உச்சியை எட்டிய மூன்று இந்தியப் பெண்களில் ஒருவர். அதற்காக அர்ஜுனா விருது பெற்றவர். சிகரம் ஏறியவர்கள் பொதுவாக அடுத்த சிகரத்தைத் தேடுவார்கள். இவர் 1989ல் 'சேவ் கங்கோத்ரி' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கி, சீர்பாசாவில் பூர்ஜக் கன்றுகளுக்கு நாற்றங்கால் போட்டார். 1990களில் போஜ்பாசாவில் வேலி கட்டிக் கன்றுகளை நட்டார். ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில்.

சமவெளியில் மரம் நடுவதையும் 3,800 மீட்டரில் மரம் நடுவதையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. மந்திரி வந்து குழியில் கன்றை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் மழை பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சே இல்லை. பூர்ஜ விதை கடுகைவிடச் சிறியது, இருபுறமும் மெல்லிய இறகு வைத்தது. காற்றில் எங்கோ போய்விடும். விழுந்த இடத்தில் வெளிச்சமும் ஈரமும் திறந்த மண்ணும் மூன்றும் சேர்ந்து அமைந்தால்தான் முளைக்கும். முளைத்தது வளர ஆண்டில் நாலைந்து மாதம்தான் கிடைக்கும். மீதி நாட்கள் பனிக்கு அடியில். சமவெளியில் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆள் உயரம் வரும் மரங்கள் உண்டு. இங்கே அதே காலத்தில் முழங்கால் உயரம் வந்தால் அதிர்ஷ்டம். பனிச்சரிவு தள்ளும், பிற்பகல் காற்று மணலை வாரி இறைக்கும், வேலியில் ஓட்டை விழுந்தால் ஆடோ பரலோ நுழையும். ஒவ்வோர் ஆண்டும் போய்ப் பார்த்து, செத்ததற்குப் பதில் வேறு நட்டு, வேலியைச் சரிசெய்தால்தான் பத்தில் சில பிழைக்கும். இது ஒரு நாள் விழா அல்ல, உத்தியோகம் போல ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. 2013ல் பிஷ்ட்டுக்கு எட்மண்ட் ஹிலாரி பெயரிலான மலைப் பாரம்பரியப் பதக்கம் கிடைத்தது. 2021ல் இந்திய மலையேறும் அமைப்பின் முதல் பெண் தலைவரானார். அவருடைய சாதனைகளில் எது பெரிது என்று கேட்டால் நந்தாதேவியைச் சொல்வது சுலபம். ஆனால் நந்தாதேவிக்கு ஒரு தடவை ஏறினால் போதும்.

நட்டது எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பார்க்க ஆற்றின் எதிர்க்கரையைப் பார்த்தால் போதும். அங்கே வடக்கு நோக்கிய சரிவு. நிழல் அதிகம், ஈரம் அதிகம், பூர்ஜத்துக்குப் பிடித்த இடம். பாதை இல்லை, கடை இல்லை, போகிற ஆளும் இல்லை. அந்தச் சரிவில் பூர்ஜங்கள் இன்னும் நிற்கின்றன. செப்டம்பர் கடைசியில் இலைகள் மஞ்சளாகும்போது சாம்பல் நிறப் பாறைக்கு நடுவே தனியாகத் தெரியும். மண்ணும் வெயிலும் ஒரு காரணம் என்பது உண்மைதான். இரு கரைகளுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் அதன் தலையில் கட்டிவிட முடியாது.

சீர்பாசாவுக்கும் போஜ்பாசாவுக்கும் நடுவே பாதையின் மிக மோசமான பகுதி வருகிறது. கீலா பஹாட் என்று பெயர். தளர்ந்த கல்லும் மண்ணுமான சரிவு. மேலிருந்து எப்போது வேண்டுமானாலும் கல் உருளும். காற்று எழும் பிற்பகலில் இன்னும் அதிகம். மேலே பரல்கள் மேய்ந்தால் அவற்றின் குளம்பே போதும். காலையிலேயே கடந்துவிட வேண்டும், நடுவில் நின்று போட்டோ எடுக்கக் கூடாது என்பது இந்தப் பாதையின் எழுதாத சட்டம். வேரோடிய மரம் ஒன்றுகூட இல்லாத சரிவு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் பள்ளிப் புத்தகத்தில் கிடைக்காது.

போஜ்பாசாவிலிருந்து கோமுகம் இன்னும் நான்கைந்து கிலோமீட்டர். இங்கே மரப்பேச்சு முடிந்து பனிப்பேச்சு தொடங்குகிறது. கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளம். அதன் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் பாகீரதி பீறிட்டு வருகிறது. 1935ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜான் ஆடன் அந்த வாயை முறையாக அளந்து வரைபடம் போட்டார். (ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் அண்ணன் இவர். தம்பிக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒன்றுகூட இவருக்குக் கிடைக்கவில்லை.) அவர் அளந்த இடத்திலிருந்து 1996 வரை பனியாறு பின்வாங்கிய தூரம் 1,147 மீட்டர். ஆண்டுக்குச் சராசரி 19 மீட்டர். 1948ல் ஆந்திரத்திலிருந்து வந்து கங்கோத்ரியில் குடில் போட்ட சுவாமி சுந்தரானந்தா, 2020ல் மறையும் வரை எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் இந்தப் பின்வாங்கலைக் கண்ணாலேயே பார்க்கலாம். புள்ளிவிவரத்தை நம்பாதவர்கள்கூட சாமியார் எடுத்த படத்தை நம்புவார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். காவடிக்காரர்கள் கூட்டத்தாலும் டீக்கடைப் புகையாலும்தான் கோமுகம் பின்வாங்குகிறது என்று கங்கோத்ரியில் பேசுவதைக் கேட்கலாம். நகரத்திலிருந்து வருகிற சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சிலரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். பனியாறு பின்வாங்கத் தொடங்கியது பஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பு. அதற்கான காரணம் உலகம் முழுவதும் உள்ள புகைபோக்கிகளில் இருக்கிறது. ஹரியானாவிலிருந்து நடந்து வந்த ஒரு பையன் கொளுத்திய விறகில் இல்லை. மரம் போனதன் கதை வேறு. அது இந்தப் பள்ளத்தாக்கிலேயே நடந்தது, இந்தப் பள்ளத்தாக்கிலேயே சரிசெய்யக்கூடியது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால், பனியாற்றை நம்மால் நிறுத்த முடியாது என்ற விரக்தியில் கன்றுக்கு வேலி போடுவதும் நின்றுபோகும்.

இரண்டுக்கும் ஒரே ஓர் இடத்தில்தான் நேரடிச் சம்பந்தம். பூர்ஜ மரம் தன் தண்டின் வளையங்களில் கணக்கு எழுதி வைக்கிறது. வறண்ட கோடையில் வளையம் ஒடுங்கும். லக்னோவில் உள்ள பீர்பல் சாஹ்னி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் போஜ்பாசா பூர்ஜங்களின் வளையங்களை எடுத்து, அவற்றைக் கொண்டு பனியாற்றின் பழைய ஏற்ற இறக்கங்களை அறிய முடியுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். ஆடன் அளப்பதற்கு முந்திய காலத்துக்கு வேறு சாட்சி அதிகம் இல்லை. அடுப்புக்குப் போன கட்டைகளில் எத்தனை வருடக் கணக்கு போயிற்றோ.

பாதைக்கு இப்போதுள்ள பெரிய அபாயம் பாதைக்கு வெளியே இருக்கிறது. 2013 ஜூன் வெள்ளம் கேதார்நாத்தோடு நிற்காமல் பாகீரதிப் பள்ளத்தாக்கையும் குதறியது. கோமுகத்திலிருந்து உத்தரகாசி வரையிலான பகுதி 2012ல் சுற்றுச்சூழல் ரீதியில் மென்மையான மண்டலம் என்று அறிவிக்கப்பட்டது. ஆனாலும் ஆற்றங்கரையில் கட்டடம் எழுவது நிற்கவில்லை. 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரிக்குப் போகும் வழியில் உள்ள தராலியில், கீர் கங்கை என்ற சிற்றோடை சில நிமிடங்களில் கடைகளையும் ஓட்டல்களையும் சேற்றில் புதைத்தது. அதே பள்ளத்தாக்கில் சாலையை அகலப்படுத்த தேவதாருக்களை எடுக்க வேண்டும் என்ற திட்டம் பல ஆண்டுகளாகச் சர்ச்சையில் இருக்கிறது. மேலே ஒரு நாளைக்கு 150 பேர் என்று எண்ணி விடுகிற அரசாங்கம், கீழே இன்னும் வேகமாக, இன்னும் அதிகம் பேர் வர வழி செய்யப் பார்க்கிறது. ஒரு கை எண்ணுவது இன்னொரு கைக்குத் தெரியாது போலும்.

பூர்ஜப் பட்டைக்கும் இதற்கிடையில் புது மவுசு வந்திருக்கிறது. சமோலி மாவட்டத்தில் மாணா, நீதி கிராமங்களின் பெண்கள் பட்டையில் சுலோகங்களும் படங்களும் எழுதி விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2022ல் மாணாவுக்கு வந்த பிரதமருக்கு அப்படி ஒன்றைப் பரிசளித்த பிறகு கேட்டு வாங்குகிறவர்கள் அதிகமாயினர். காட்டிலிருந்து வேறு வருமானம் இல்லாத கிராமங்களுக்கு இது நல்ல சேதி. உதிர்ந்த பட்டையை மட்டும் பொறுக்குகிற வரை மரத்துக்கும் கெடுதல் இல்லை. தேவை கூடி, வியாபாரி வந்து, உதிரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் போகும் நாளைப் பற்றித்தான் வனத்துறை இப்போதே யோசித்து வைக்க வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் பட்டையைத் தொடக்கூட அனுமதி இல்லை. ஹரித்வார் கடையில் துண்டு வாங்குகிறவரிடம் அது எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.

பூங்காவின் கதவு ஏப்ரல் 1ல் திறந்து நவம்பர் 30ல் மூடுகிறது. போவதென்றால் மே பிற்பகுதியிலிருந்து ஜூன் நடுவரை, அல்லது மழை விட்ட பிறகு செப்டம்பர், அக்டோபர். அனுமதிச் சீட்டை உத்தரகாசியிலேயே வாங்கிக்கொண்டு, கங்கோத்ரியில் ஒரு நாள் சும்மா இருந்து, காலை ஆறரை மணிக்குக் கிளம்புவது உத்தமம். போஜ்பாசாவில் வேலிக்குள் நிற்கும் கன்றுகள் பாதையிலிருந்தே தெரியும். உள்ளே போகக் கூடாது.